பனிநாட்டில் பல்லுக்குக் கம்பி

எஸ்கிமோக்கள் என்று நாம் பள்ளியில் படித்தோமே, கனடாவில் இருக்கும் அவர்கள் தங்களை இனுயிட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பழைய தலைமுறையின் பற்களில் தேய்மானம் அதிகம், சொத்தை அபூர்வம். சாப்பாடு சீல், கரிபூ மான், மீன். சர்க்கரைக்கு அதில் இடமே இல்லை. பல் அவர்களுக்கு மூன்றாவது கை. ‘கமிக்’ என்னும் தோல் காலணி விறைத்துப்போனால், பெண்கள் அதன் அடித்தோலை ஓரம் ஓரமாக மென்றே இளக்குவார்கள்.

பிறகு கடை வந்தது. பாட்டில் பானமும் மிட்டாயும் வந்தன. 2008-09-இல் கனடாவில் நடந்த இனுயிட் பல்நலக் கணக்கெடுப்பில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் 85 சதவீதம் பேருக்குச் சொத்தை பாதிப்பு இருந்தது. 12 முதல் 17 வயதினரில் 97 சதவீதம். பல் துலக்காத சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பாலும் பழமும் விமானத்தில் வந்து இறங்கும் ஊரில், சோடா எளிதில் கிடைக்கிறது.

சொத்தைக்கும் கோணல் பல்லுக்கும் என்ன உறவு? விழப்போகிற பால்பல்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். சொத்தை முற்றினால், சின்னக் குழந்தையை மயக்கத்தில் வைத்துப் பல பற்களை ஒரே தடவையில் பிடுங்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவாரே, அதுபோல 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் காலி இடத்துக்குள் முன்னேறிவிடும். 11, 12 வயதில் வருகிற கோரைப்பல்லுக்கு இடம் இருக்காது. அது ஈறின் மேலே தெத்துப்பல்லாக எட்டிப் பார்க்கும்.

சரி, கம்பி போட்டுவிடலாமே? முதலில் சொத்தையை அடைத்தாக வேண்டும். கம்பியைச் சுற்றி உணவு தங்கினால் சொத்தை இன்னும் வேகமாகப் பரவும். அதன்பின் ஒன்றரை, இரண்டு வருஷம், நான்கிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை மருத்துவர் கம்பியை இறுக்க வேண்டும். இனுயிட்கள் அதிகம் வாழும் நூனாவுட் பகுதியில் 25 ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. பெரும்பாலான ஊர்களுக்குப் பல் மருத்துவரே விமானத்தில் வந்து போகிறவர். பனிப்புயல் அடித்தால் அதுவும் இல்லை. இதற்கிடையில் ஒட்டிய கிளிப் ஒன்று பெயர்ந்து கன்னத்தைக் குத்தினால், அடுத்த விமானம் வரை குத்திக்கொண்டே இருக்கும்.

செலவை மத்திய அரசின் திட்டம் ஏற்கும். ஆனால் 18 வயதுக்குள் இருக்க வேண்டும், கடிப்புக் கோளாறு கடுமையானது என்று நிரூபிக்கவும் வேண்டும். இதே திட்டத்தில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் பூர்வகுடிச் சிறுமி ஒருத்திக்குச் சுமார் 6,000 டாலர் கம்பியை மறுத்துவிட்டு, அதை எதிர்த்து வந்த வழக்கை நடத்த அரசு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

14 வயதில் கம்பி போடுவதைவிட, 4 வயதில் ஊரிலேயே சொத்தையை அடைப்பது மலிவு. அதைச் செய்யத்தான் ‘டென்டல் தெரபிஸ்ட்’ என்ற பணியாளர்களுக்கு 1972-இல் ஃபோர்ட் ஸ்மித்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பின்னர் பிரின்ஸ் ஆல்பர்ட் நகருக்கு இடம் மாறிய அந்தப் பள்ளி, அரசு நிதியை நிறுத்தியதால் 2011-இல் மூடப்பட்டது.