"மொக்கை"ன்னு சொன்னா டிசைனருக்கு என்ன புரியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் எந்த கேமையும் ரிவ்யூ பண்ணப் போறதில்லை. ஒருத்தர் எழுதின கேமை விளையாடிப் பார்த்துட்டு அவர்கிட்ட நாம எப்படிப் பேசுறோம், அதைத்தான் பார்க்கப் போறோம். ஏன் இப்போன்னு கேட்டா, தமிழில் டேபிள்டாப் ரோல்பிளே கேம் எழுதுறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ஒரு டிராஃப்டைப் படிச்சுப் பார்க்க அஞ்சு பேர் கிடைச்சாலே பெருசு. அந்த அஞ்சு பேரும் "மொக்கை"ன்னு சொல்லிட்டுப் போனா அந்த கேம் அதோட முடிஞ்சுது.

திருப்பூரில் இருக்கிறவங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். பையர்கிட்ட ஃபிட் சாம்பிள் அனுப்புறோம். "ஃபிட் சரியில்லை"ன்னு மட்டும் பதில் வந்தா மெர்ச்சண்டைசர் தலையில் கை வெச்சுக்குவார். "மீடியம் சைஸ், ஒரு வாஷுக்கு அப்புறம் லெங்த் 2 செ.மீ. குறையுது, கையைத் தூக்கினா அக்குள் பக்கம் இழுக்குது"ன்னு வந்தா பேட்டர்ன் மாஸ்டர் அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிடுவார். இதில் இன்னொண்ணையும் கவனிக்கணும். சில பையர் "ஆர்ம்ஹோலைப் பெருசாக்கு"ன்னு தீர்வையும் சேர்த்தே அனுப்புவாங்க. உண்மையான சிக்கல் தோள்பட்டைச் சரிவில் இருக்கலாம். இழுக்குதுன்னு சட்டையைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எங்கே வெட்டணும்னு மாஸ்டருக்குத்தான் தெரியும்.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையின் தொடக்கம். நாலஞ்சு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு, பகடை உருட்டி ஒரு கதையை நடத்துவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர். சினிமான்னா எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்திருப்போம். இங்கே அப்படி இல்லை. ஒரே விதிப்புத்தகத்தை வெச்சுப் பல்லடத்தில் ஒரு குழுவும் அவிநாசியில் ஒரு குழுவும் விளையாடினா, நடந்தது ரெண்டு வேற ஆட்டம். அதனால "இந்த விதி நல்லா இல்லை", "இல்லை, சூப்பர்"னு ரெண்டு பேர் சண்டை போடும்போது, பல நேரம் ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பத்திப் பேசிட்டு இருப்பாங்க.

நம்ம தாயத்தையே எடுத்துக்கோங்க. தாயம் விழுந்தாத்தான் காய் இறக்கலாம். ஒரு வீட்டில் முதல் தாயத்துக்கே எல்லாக் காயும் இறங்கும். இன்னொரு வீட்டில் ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாத் தாயம் போடணும். எது சரின்னு சித்தப்பாவும் மாமாவும் பொழுது சாயற வரைக்கும் வாதாடுவாங்க. ஆனா கணக்கைப் பாருங்க. ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 சேர்க்கை, அதில் தாயம் வர்றது 2. அதாவது எட்டில் ஒண்ணு. எட்டுத் தடவை உருட்டியும் தாயமே விழாம இருக்க 34 சதவீத வாய்ப்பு இருக்கு. மூணு பேர் உட்கார்ந்தா, அதில் ஒருத்தர் அப்படிச் சும்மா இருக்க வேண்டி வர்றது ரொம்ப சகஜம்.

இப்போ "தாயம் போரடிக்குது"ன்னு ஒரு பொண்ணு சொன்னா, அவளுக்கு ஆட்டமே பிடிக்கலைன்னு எடுத்துக்குவோம். "பத்துத் தடவை உருட்டினேன், ஒரு காய்கூட இறங்கலை, அதுக்குள்ள அக்கா பாதி தூரம் போயிட்டா"ன்னு சொன்னா, ஆட்டம் பிடிக்காம இல்லை, அவளுக்கு இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலைன்னு தெரியும். முதல் தாயத்துக்கே எல்லாக் காயையும் இறக்கிவிடுற வீட்டுக்காரங்க, தங்களுக்குத் தெரியாமலே இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்திருக்காங்க. பாதிதான். அந்த முதல் தாயத்துக்குக் காத்திருக்கிறது அப்படியேதான் இருக்கு.

இந்தப் பாடத்தை அமெரிக்காவில் ஒரு ரசிகர் கூட்டம் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டது. 2001-ல் ரான் எட்வர்ட்ஸும் கிளின்டன் நிக்சனும் 'தி ஃபோர்ஜ்'னு ஒரு விவாதக் களத்தைத் தொடங்கினாங்க. சொந்தமா கேம் எழுதி வெளியிடுறவங்களுக்கான இடம். அங்கே ஒரு கோட்பாடு வளர்ந்தது: சவாலுக்காக விளையாடுறவங்க, கதைக்காக விளையாடுறவங்க, அந்த உலகம் நிஜம் மாதிரி இயங்கணும்னு விளையாடுறவங்க. இந்த மூணு பிரிவும் உபயோகமான விஷயம்தான், நான் மறுக்கலை. ஆனா நாளாக நாளாக அது சாதிச் சான்றிதழ் மாதிரி ஆகிப்போச்சு. நீ எந்தப் பிரிவு, உன் கேம் எந்தப் பிரிவுன்னே பேச்சு ஓடும். 2005 கடைசியில் எட்வர்ட்ஸ் கோட்பாட்டுக்கான பகுதிகளையே மூடிட்டார். இனிமே எதைப் பேசினாலும், நிஜமா விளையாடின ஒரு ஆட்டத்தில் இருந்து பேசுங்கன்னு ஆச்சு. யார் இருந்தாங்க, என்ன நடந்தது, எந்த இடத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க, எங்கே தொய்வு வந்தது.

அதுதான் அந்தக் கூட்டத்தின் பெரிய கண்டுபிடிப்புன்னு நான் நினைக்கிறேன். மூணு பிரிவு இல்லை. அங்கே பேசிப் பழகின வின்சென்ட் பேக்கர், 2010-ல் மெகே பேக்கரோடு சேர்ந்து அப்போகலிப்ஸ் வேர்ல்ட் கொண்டுவந்தார். பகடை சரியா விழலைன்னா "ஒண்ணும் நடக்கலை"ன்னு கதை நிக்காம, கேம் மாஸ்டர் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்து கதையை நகர்த்துற முறை அதில் இருக்கு. இன்னைக்கு எத்தனையோ கேம்கள் அதே சட்டகத்தில்தான் எழுதப்படுது.

பெரிய கம்பெனிக்கும் இதே பிரச்சனை உண்டு. 2022 ஆகஸ்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புது விதிகளின் சோதனை வடிவம் வெளிவந்தது. அதில், 20 விழுந்தா கிடைக்கிற கிரிட்டிகல் அடி ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான், அரக்கர்களுக்குக் கிடையாதுன்னு ஒரு மாற்றம். 2024-ல் வந்த இறுதிப் புத்தகத்தில் அந்த மாற்றம் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் சர்வே நிரப்பும்போது, எது பிடிக்கலைன்னு எண்ணிக்கையைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம். நம்மகிட்ட ஆயிரம் பேர் இல்லைங்க. அஞ்சு பேர்தான். அதனால அந்த அஞ்சு பேரும் ஏன்னு சொல்லியே ஆகணும்.

இப்போ நம்ம ஊர்க் கதை. என் தோழி ஒருத்தர் 1984 திருப்பூர் வேலைநிறுத்தத்தை வெச்சு ஒரு கேம் எழுதிட்டு இருக்காங்க. பஞ்சப்படிக்காக பனியன் தொழிலாளர்கள் 127 நாள் நடத்தின போராட்டம் அது. எங்க வயசுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. ஆளுக்கு ஒரு தொழிலாளி குடும்பம். வாராவாரம் பகடை உருட்டணும், வீட்டில் அரிசி குறைஞ்சுக்கிட்டே வரும். அரிசி தீர்ந்தா அந்த ஆள் வேலைக்குத் திரும்பிடுவார், ஆட்டத்தில் இருந்து அவுட்.

முதல் பிளேடெஸ்டில் வந்த கருத்துகள்: "ரொம்ப சோகம்." "இதெல்லாம் யார் விளையாடுவாங்க?" "அரிசியைக் கூட்டிடுங்கக்கா." மூணாவதா சொன்ன தம்பி நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனா அரிசியைக் கூட்டினா அந்த கேமே இல்லை. பசி நெருக்காத வேலைநிறுத்தத்தில் முடிவெடுக்க என்ன இருக்கு? அவங்க அன்னைக்கு ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க. ரெண்டு வாரம் ஃபைலையே திறக்கலை.

அப்புறம் அந்தத் தம்பிகிட்டயே திரும்பக் கேட்டோம். தீர்வு வேண்டாம்ப்பா, உனக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லு. அவன் சொன்னான்: "மூணாவது வாரமே என் வீட்டில் அரிசி தீர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் நாற்பது நிமிஷம் போனைப் பார்த்துட்டு இருந்தேன். நீங்க எல்லாரும் கேட் முன்னாடி நின்னு பேசிட்டு இருந்தீங்க. எனக்கும் அங்கே வந்து ஏதாவது சொல்லணும்போல இருந்தது."

சோகம் அவனுக்குப் பிரச்சனையே இல்லை. வெளியே உட்கார்ந்திருந்ததுதான் பிரச்சனை. தாயம் விழாம உட்கார்ந்திருந்த அதே பொண்ணு கதை. தோழி அன்னைக்கு ராத்திரியே விதியை மாத்திட்டாங்க. அரிசி ஒரு மணிகூடக் கூட்டலை. வேலைக்குத் திரும்பினவரும் இனி ஆட்டத்தில் இருப்பார், கம்பெனிக்கு உள்ளே. ஒவ்வொரு வாரமும் காலையில் அவர் அந்த கேட்டைத் தாண்டித்தான் போகணும். வெளியே நிக்கிற நண்பர்கள் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாம், இல்லை முகத்தைத் திருப்பிக்கலாம். அவரும் உள்ளே இருந்து ஒரு சேதி கொண்டுவரலாம், கொண்டுவராமலும் இருக்கலாம். ரெண்டாவது டெஸ்டில் அந்த கேட் காட்சிக்குத்தான் எல்லாரும் அமைதியானாங்க.

"இதெல்லாம் யார் விளையாடுவாங்க?"ன்னு கேட்டவருக்கு எங்ககிட்ட பதில் இல்லை. அது அந்த ஆட்டத்தைப் பத்தின கருத்தே இல்லைங்க. அவருக்கு வேற ஆட்டம் வேணும், அவ்வளவுதான். அதையும் மரியாதையாச் சொல்லலாம்: "எனக்கு வாள்சண்டை வேணும், இது என் டேபிள் இல்லை." டிசைனருக்கு அந்தப் பதில் எவ்வளவோ மேல்.

நாங்க இப்போ டெஸ்டுக்கு வர்றவங்ககிட்ட ஒரு சின்னத் தாள் கொடுக்கிறோம். எப்போ போனை எடுத்தீங்க? எந்த முடிவுக்கு ரொம்ப யோசிச்சீங்க? எந்த விதியை மறந்துட்டு விளையாடினீங்க? இந்த மூணாவது கேள்விக்கு வர்ற பதில்தான் பொக்கிஷம். எல்லாரும் மறக்கிற விதியை வெட்டிடலாம். "நல்லா இருந்ததா?"ன்னு தாளில் எங்கேயுமே கேட்கலை. டிசைனருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பதில் சொல்றவங்ககிட்ட "இல்லை, நீங்க விதியைச் சரியாப் புரிஞ்சுக்கலை"ன்னு எதிர்வாதம் பண்ணக்கூடாது. எழுதிக்க மட்டும்தான் செய்யலாம். இது தோழிக்கு அவ்வளவா பிடிக்கலை. ஆனா ஒத்துக்கிட்டாங்க.

மூணாவது டெஸ்ட் வர்ற ஞாயிற்றுக்கிழமை. விதிகள் மொத்தம் ஆறு பக்கம், தமிழில். ஆட்டம் மூணு மணி நேரம் ஓடும். இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. வேலைநிறுத்தத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை. அந்தக் காலத்தில் கட்டிங் டேபிளிலோ பவர் டேபிளிலோ வேலை பார்த்த பெரியவங்க உங்க வீட்டில் இருந்தா, தயவுசெய்து அவங்களையும் கூட்டிட்டு வாங்க.