எல்லை தாண்டிய பணம் திரும்பி வருமா?

இறக்குமதி வியாபாரத்தில் விலை பேசுவதும் இன்வொய்ஸ் பெறுவதும் இன்று மின்னஞ்சல் வழியாகத்தான். மோசடிக்காரர்களும் இதை நன்கறிவர். "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று வெளிநாட்டுக் கம்பனியின் பெயரிலேயே மின்னஞ்சல் வரும். நம்பி அனுப்பினால் பணம் வேறொரு நாட்டுக்குப் போய்விடும். அதைச் சட்டம் மீட்டுத் தருமா?

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. ஆனால், நமது பொலிஸார் பிற நாட்டு வங்கிக்குள் நுழைந்து விசாரிக்க முடியாது. இதற்காகவே 2001இல் புடாபெஸ்ட் சமவாயம் உருவானது. இலங்கை 2015இல் இணைந்தது. உறுப்பு நாடுகள் 24 மணிநேரமும் இயங்கும் தொடர்பு நிலையமொன்றை வைத்திருக்க வேண்டும். கணினிப் பதிவுகளை அழியாமல் குறைந்தது 60 நாட்கள் பாதுகாக்குமாறு அதனூடாகக் கோரலாம்.

எனினும், அப்பதிவுகளைக் கையில் பெறுவதற்கு நாடுகளுக்கிடையே முறைப்படி சட்ட உதவி கோர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் செல்லும். நாம் அதிகம் கொள்வனவு செய்யும் சீனா இச்சமவாயத்தில் இல்லை. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய புதிய சமவாயம் நடைமுறைக்கு வர 40 நாடுகள் அதனை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும்.

சட்டம் மெதுவாக நடக்க, பணம் பறந்துவிடும். 2016 பெப்ரவரியில், நியூயோர்க்கிலிருந்த பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 101 மில்லியன் டொலர் திருடப்பட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன், பெறுநரின் பெயரிலிருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் எழுந்து, கைமாறுமுன் தடுக்கப்பட்டுத் திரும்பிச் சென்றது. பிலிப்பைன்ஸ் போன 81 மில்லியனோ சில நாட்களில் எடுக்கப்பட்டு, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அதில் சுமார் 15 மில்லியனே மீண்டது. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே இந்நிலையென்றால் சாதாரண வியாபாரியின் கதி என்ன?

எனவே, கணக்கு மாற்றம் பற்றி மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள இலக்கத்துக்கன்றி, உங்களிடம் முன்பிருந்த இலக்கத்துக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்யுங்கள். ஏமாந்துவிட்டால் முதலில் உங்கள் வங்கிக்குச் செல்லுங்கள். பணத்தை நிறுத்திவைக்குமாறு பெறும் வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். அன்றே பொலிஸில் முறையிடுங்கள். மோசடி மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டின் உதவியைக் கோருவதற்கு அதுவே உங்கள் சாட்சி.