விழித்த அணுவும் உறங்கும் கிருமியும்

காசநோய்க் கிருமி உடலில் புகுந்தோர் அனைவரும் காசநோயாளிகள் அல்லர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்குத் தொற்று உண்டு. தொற்றுற்ற 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் தோன்றுகிறது. தோலில் செய்யும் மாண்டோ சோதனையோ, இரத்தத்தில் இன்டர்பெரான்-காமாவை அளக்கும் சோதனையோ இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டுவதில்லை. சளியில் கிருமியைக் கண்டறிவதே உறுதியான வழி. ஆனால் சளி துப்பத் தெரியாத குழந்தைக்கும், நுரையீரலுக்கு வெளியே நோய் கண்டவருக்கும் என்ன செய்வது?

விடையின் ஒரு பகுதி வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இருக்கிறது. 'டி' அணு தன் பகையை இனங்கண்டு தூண்டப்பெற்றதும் அதன் மேற்பரப்பில் புதிய புரதங்கள் ஒரு கால ஒழுங்கில் தோன்றுகின்றன. சில மணி நேரத்திலேயே சிடி69 வந்துவிடும். ஏறத்தாழ ஒரு நாளில் சிடி25 மிகும். அணு பெருகுவதற்கான இன்டர்லூக்கின்-2 என்னும் செய்தியை ஏற்கும் வாயிலின் ஒரு கூறு இது. எச்எல்ஏ-டிஆர் தோன்ற இரண்டு மூன்று நாட்களாகும். ஆயின் நெடிது நிற்கும். சிடி25 மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தவறு. நோய்த்தடுப்பு வினையை அடக்கி வைக்கும் அணுக்களிலும் அது இயல்பாகவே மிகுந்திருக்கும்.

இப்புரதங்களைக் காண உதவுவன ஒற்றைக் குல எதிர்ப்பொருள்கள். இவற்றை உருவாக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்டனர். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள், தனக்குரிய புரதத்தை மட்டுமே பற்றும். அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கையில் கருவி அவற்றை எண்ணிவிடும்.

காசநோய் ஆய்வில் மேற்கூறிய கால ஒழுங்கே கைகொடுக்கிறது. இரத்தத்துடன் கிருமியின் புரதங்களைச் சேர்த்துச் சில மணி நேரம் வைத்தால், அக்கிருமியை அறிந்த 'டி' அணுக்கள் இன்டர்பெரான்-காமாவைச் சுரந்து தம்மைக் காட்டிக்கொள்ளும். இவற்றில் சிடி69ஐத் தேடிப் பயனில்லை. குழாயிலேயே அது தோன்றிவிடும். எச்எல்ஏ-டிஆர் தோன்றவோ அந்நேரம் போதாது. எனவே அது காணப்பட்டால், அந்த அணு உடலுக்குள்ளேயே அண்மையில் தூண்டப்பட்டிருக்கிறது, அதாவது கிருமி பெருகிக்கொண்டிருக்கக்கூடும் என்று கொள்ளலாம். நோயுற்றோரிடம் இத்தகைய அணுக்களின் விகிதம் உயர்ந்திருப்பதையும், சிகிச்சை பலனளிக்கையில் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எச்ஐவி தொற்றுள்ளோரிடம் 'டி' அணுக்கள் பொதுவாகவே கிளர்ச்சியுற்றிருப்பதால், அவர்களது முடிவுகளை எச்சரிக்கையுடன் எடைபோட வேண்டும்.

சளி தேவையில்லை; சிறிதளவு இரத்தம் போதும். ஆயினும் இது இன்னும் ஆய்வகத்தைத் தாண்டி அன்றாடச் சோதனையாகவில்லை. எச்ஐவி சிகிச்சைக்காக நம் மருத்துவமனைகள் பெற்ற கருவிகளுள் பல, சிடி4 அணுக்களை எண்ணுவதற்கென்றே அமைந்தவை. பல சாயங்களை ஒருசேரப் பிரித்தறிய அவற்றால் இயலாது. குளிர்பதனத்தில் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களின் விலையும், இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டியிருப்பதும், மாவட்ட மருத்துவமனைகள் இம்முறையை மேற்கொள்வதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியவை.