குளிர்மலையில் ஒரு கணப்பு

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ இருக்கும் வாசகர்களிடம், "உங்கள் வீட்டு முன்கூடத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய ஓர் இடம் கட்டித் தரட்டுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். மின்விசிறி சுற்றச் சுற்ற வியர்க்கும் ஊர்கள் அவை. ஆனால் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பயணம் செய்து ரிங்லெட்டைத் தாண்டிவிட்டீர்களானால் அந்தச் சிரிப்பு மறைந்துவிடும். சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையைக் கை தேட ஆரம்பிக்கும்.

கேமரன் மலையில் தானா ராத்தா பட்டணம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் இதமாகக் காயும். இரவில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் அதுதான்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்துபோன மலை இது. அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பா சாலை 1931-இல் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர்க் குளிரையும் கூடவே நினைத்துக்கொண்டு வந்தார்கள் போலும். கட்டிய பங்களாக்களில் செங்கல்லால் கணப்பும், கூரைக்கு மேல் புகைபோக்கியும் வைத்தார்கள். 1937-இல் திறக்கப்பட்ட ஸ்மோக் ஹவுஸ் விடுதி இங்கிலாந்துக் கிராமத்து வீட்டைப் போலவே இருப்பதையும், உள்ளே கணப்பு இருப்பதையும் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் இதே கதைதான்.

உண்மையைச் சொல்வதானால், திறந்த கணப்பு கண்ணுக்குத் தரும் சுகத்தில் பாதியைக்கூட உடம்புக்குத் தருவதில்லை. எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. மேலே ஏறும் சூடான காற்று அறையிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே வெளிக்குளிர் நுழைகிறது. முகம் சுடும், முதுகு குளிரும் என்று பங்களாக்களில் வேலை செய்தவர்கள் சொல்வது சும்மா இல்லை. ரம்ஃபோர்டு பிரபு என்பவர் 1790-களிலேயே இதை ஆராய்ந்து, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை போகும் கழுத்தைக் குறுக்கினால் சூடு அறைக்குள் திரும்பும் என்று காட்டினார். நம் மலையில் கணப்பு செய்யும் பெரிய உபகாரம் குளிரை ஓட்டுவதைவிட ஈரத்தை ஓட்டுவதுதான் என்பது என் எண்ணம். நாள்கணக்கில் மழை பெய்யும்போது துணியும் மெத்தையும் புத்தகமும் பூசணம் பூக்கும் இடம் இது அல்லவா?

உங்கள் வீட்டிலோ நீங்கள் தங்கப்போகும் விடுதியிலோ கணப்பு இருந்தால் முதலில் விறகைக் கவனியுங்கள். பச்சை விறகு அழும், புகையும், எரியாது. அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி செலவாகிவிடும். மேலும் அந்தப் புகை புகைபோக்கியின் உட்சுவரில் தார் போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மழைச்சாரல் படாத இறவாரத்தில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். பலநாள் மூட்டாத கணப்பு என்றால் புகைபோக்கியில் பறவைக்கூடு இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூட்டுவதற்கு முன்பு ஒரு காகிதச் சுருளைக் கொளுத்தி மேற்கழுத்தருகே பிடித்தால், உள்ளே தங்கிய குளிர்காற்று விலகிப் புகை நேராக மேலே போகும்.

இனி லயத்துக்கு வருவோம். துரை பங்களாவில் கணப்பு எரிந்தபோது, அதற்கு விறகு பிளந்தவர் வீட்டில் எரிந்தது சமையலடுப்பு ஒன்றுதான். அதுவே அந்தக் குடும்பத்துக்குக் கணப்பு. விடியுமுன் எழுந்த தாய் மூட்டிய அடுப்பில் குளிக்க வெந்நீரும் தேநீரும் கொதிக்கும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள் காய்ந்தால் நல்ல விறகு. கொழுந்தெடுத்து நனைந்து வந்தவரின் ஈரச் சாக்கும் தலைத்துணியும் அடுப்புக்கு மேலேதான் காயும்.

எரிவாயு அடுப்பு வந்தது. புகையும் கண்ணெரிச்சலும் போயின, நல்லதுதான். ஆனால் அடுப்படியின் கதகதப்பும் கூடவே போயிற்று. எந்தத் தேயிலை மலையிலும் அதற்குப் பதிலாகச் சிலர் செய்யும் ஒரு காரியம்தான் எனக்குப் பயமூட்டுகிறது. மண்சட்டியில் கரித்தணலை எடுத்துப் படுக்கையறையில் வைத்து, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடேற வேண்டுமென்று தணலை அருகில் வைப்பது மலாய்க்காரர்களிடமும் உள்ள பழைய வழக்கம். அந்தக் காலத்து அத்தாப்பு வீட்டில் இடுக்குக்கு இடுக்கு காற்று வரும். இன்றைய சிமெண்டு அறையில் அது வராது.

கரித்தணல் புகைவதில்லை. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுவதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் காலையில் பிணமாகக் கிடந்தார்கள். விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு வரும் பட்டணத்து வாசகர்களே, மழை வந்துவிட்டது என்று கரியடுப்பை அறைக்குள் தூக்கிவராதீர்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். புகைபோக்கி இல்லாத அறையில் தணலே கூடாது. யாருக்காவது தலை சுற்றினால் கதவைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி வந்துவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டாமா என்று பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம். வெந்நீரை ரப்பர் பையில் ஊற்றி, துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். குழந்தையை மட்டும் அதன்மேல் படுக்க வைக்காதீர்கள். மெல்லிய தோல் வெந்துவிடும். காலுறையும் தலைக்குல்லாவும் கம்பளியும் செய்யும் வேலையைத் தணல்சட்டி செய்வதில்லை.

கணப்பு அணைந்தபின் சாம்பல் மிஞ்சும். மேலே வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே கங்கு மறுநாளும், சிலசமயம் அதற்கு மறுநாளும்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளாமல் தகரப் பெட்டியில் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். நன்றாக ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கறிப் பாத்திக்குத் தூவலாம். தேயிலைச் செடிக்குப் போட வேண்டாம். அது புளித்த மண்ணில் வளர்வது, சாம்பல் அதற்கு ஒத்துக்கொள்ளாது.