பரணில் தேங்கும் வெயில்
அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அத்தகைய நாட்களில் கூரைக்குக் கீழுள்ள பரணின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல் போகும். பெரிய ஏசி வாங்குவதற்கு முன் அந்தப் பரணைக் கவனிக்க வேண்டும். மறுசுழற்சிக் காகித இழையைச் சுமார் 11 அங்குலம் நிரப்பினால் வீட்டுக்குள் வெப்பம் இறங்குவது வெகுவாகக் குறையும். ‘இரவில் சூடு உள்ளேயே அடைபடாதா?’ என்பார்கள். ஃபீனிக்ஸின் கோடை இரவுகளில் ஏசி போட்ட அறையைவிட வெளிக்காற்றே பெரும்பாலும் சூடானது. தடுப்பு அப்போதும் உதவும். பரணில் மின்விசிறி போதும் என்பதை ஏற்க முடியவில்லை: விளக்கு, மின்கம்பித் துளைகளை அடைக்காவிட்டால் அது வீட்டின் குளிர்காற்றையே உறிஞ்சி வெளியேற்றும். எனவே முதலில் துளையடைப்பு, பிறகே இழை.