முழங்கால் வலி: பதில் வராத கேள்விகள்

பிசியோதெரபி பலன் தருகிறது. ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் ஆய்வுகள் தடுமாறுகின்றன.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர், 3,550 படிகள் கொண்ட பாதையில் மிகச் செங்குத்தான பகுதி அது. தெலுங்கில் அதன் பெயர் 'மோகாள்ள பர்வதம்'. மோகாலு என்றால் முழங்கால். புனித மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். இன்றும் வேண்டுதலுக்காக அப்படி ஏறுகிறவர்கள் உண்டு. மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் குனிந்து பொட்டு வைத்தபடியே போகும் பெண்களும் உண்டு.

பக்தியின் கணக்கு வேறு. முழங்காலின் கணக்கு வேறு. செயற்கை மூட்டுக்குள் அளவுக் கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. நடந்து ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, முழங்கால் கேட்பதைத்தான் செய்கிறார்கள்.

திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர் தெற்கே சித்தூர். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். கடைவீதியில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புரளும். வைத்தியத்துக்கு வடக்கே திருப்பதி அல்லது தெற்கே வேலூர் என்று பஸ் ஏறுவது இங்கே பழகிப்போன வழக்கம். முழங்கால் வலிக்கு இந்த ஊரில் இரண்டு மொழியிலும் ஒரே விளக்கம்தான்: தமிழில் "முட்டி தேஞ்சு போச்சு", தெலுங்கில் "மோகாலு அரிகிபோயிந்தி".

இந்தச் சொல் செய்யும் தீங்கு கொஞ்சமில்லை. தேய்ந்துபோன பொருளை மேலும் உபயோகித்தால் என்ன ஆகும்? இன்னும் தேயும். ஆகவே நடக்காதே, மாடி ஏறாதே, உட்கார்ந்தே இரு. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்பதைப் பல வருடங்கள் நானும் 'மூட்டுத் தேய்மானம்' என்றே மொழிபெயர்த்து வந்தேன். குறுத்தெலும்பு, அதன் அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றிய சவ்வு, தொடைத் தசை என்று முழு மூட்டையும் பாதிக்கும் நோய் இது என்பதே இன்றைய மருத்துவத்தின் பார்வை. குறுத்தெலும்பு மோட்டார் டயர் அல்ல. அளவான அசைவும் சுமையும் அதற்குத் தேவை. அசையாமல் கிடக்கும் காலில் தொடைத் தசை இளைக்கிறது, மூட்டு இன்னும் தளர்கிறது, வலி கூடுகிறது.

எனவேதான் அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்டதும் உடற்பயிற்சியை முன்னால் நிறுத்துகின்றன. கூடவே எடைக் குறைப்பு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் நாலு கிலோ சுமை குறைகிறது என்று 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் நம் ஊர் பிசியோதெரபி நிலையத்தில் நோயாளி கேட்பது பயிற்சியை அல்ல. "கரன்ட் வைப்பீங்களா?" என்றுதான் கேட்கிறார். டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், டயாதெர்மி, மெழுகு ஒத்தடம் என்று வரிசையாக வைத்தியம். கருவியை மாட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் அடுத்த நோயாளியைப் பார்க்கலாம். நோயாளிக்கும் காசு கொடுத்ததற்கு ஏதோ நடந்தது என்ற திருப்தி. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவதை வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னால், 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று முகம் சுருங்குகிறது.

அந்தக் கருவிகளைப் பற்றி ஆய்வுகள் சொல்வது சங்கடமான சேதி. டென்ஸ் வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் உட்பட மின்சிகிச்சைகளைத் தரவேண்டாம், பலனுக்குப் போதிய சான்று இல்லை என்கிறது நைஸ். போதிய சான்று இல்லை என்பதும் பலனில்லை என்று நிரூபிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை. பல ஆண்டுகளாக உலகம் முழுக்க லட்சக்கணக்கான முழங்கால்களில் வைக்கப்படும் கருவிகளின் நிலை இது.

சரி, பயிற்சியின் பக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா? அதுவும் இல்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, முழங்கால் பயிற்சி பற்றிய தன் தொகுப்பை 2024-ல் புதுப்பித்தது. 139 சோதனைகள், 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். நூறு புள்ளி வலி அளவுகோலில் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் பத்துப் புள்ளி குறைந்தது, அதுவும் குறுகிய காலத்துக்கு. அந்தப் பத்துப் புள்ளியை நோயாளி உண்மையில் உணர்வாரா என்பதில் ஆய்வாளர்களுக்கே நிச்சயமில்லை.

டென்மார்க்கில் நடந்த ஒரு சோதனை இன்னும் விசித்திரமானது. 206 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் பயிற்சியும் அறிவுரையும். மறு பாதிக்கு முழங்காலில் வெறும் உப்பு நீர் ஊசி, நாலு தடவை. 'இது உப்பு நீர்தான், மருந்து எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டே போட்டார்கள். முடிவில் இரண்டு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. 2022-ல் வெளியான இந்த முடிவு பிசியோதெரபி உலகத்தைக் கொஞ்சம் உலுக்கியது. பயிற்சியால் வந்த பலன் எவ்வளவு? யாரோ அக்கறையோடு கவனிக்கிறார்கள் என்பதால் வந்தது எவ்வளவு? வலி தானாகவே ஏறி இறங்குவதால் வந்தது எவ்வளவு? மாத்திரையாக இருந்தால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலிப் பயிற்சி ஒன்றை எப்படித் தயாரிப்பது?

அளவு பற்றிய குழப்பம் தனி. 377 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில் ஒரு தரப்பு கனமான எடைப் பயிற்சி செய்தது. இன்னொன்று இலேசான பயிற்சி. மூன்றாவது தரப்புக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள்தான். பதினெட்டு மாதம் கழித்து மூன்று தரப்புக்கும் வலியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை (2021). இதற்கு முந்தைய ஆண்டுதான், 156 பேரில் நடந்த இன்னொரு அமெரிக்கச் சோதனை, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு ஊசியைவிட பிசியோதெரபி மேல் என்று காட்டியிருந்தது. அதில் பயிற்சியோடு கையால் மூட்டை அசைத்துக் கொடுக்கும் வைத்தியமும் சேர்ந்திருந்தது. வேலை செய்தது பயிற்சியா, கையா? அந்தச் சோதனையின் அமைப்பில் பிரித்துச் சொல்ல வழியில்லை.

பயிற்சி வீண் என்று இதைப் புரிந்துகொண்டு பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டாம். தீங்கு மிகக் குறைவு, செலவு மிகக் குறைவு, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்ந்தே நல்லது. இதற்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை. தடுமாற்றமெல்லாம் யாருக்கு எந்தப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை மாதம் என்பதில்தான்.

இந்தியாவுக்கு வந்தால் இடைவெளி பள்ளமாகிறது. நாட்டில் ஐந்து இடங்களில் நடத்தி 2016-ல் வெளியான கணக்கெடுப்பில், சோதிக்கப்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் ஆர்த்ரைட்டிஸ் இருந்தது. ஆனால் சிகிச்சை ஆய்வுகள்? பெரும்பாலானவை முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள். முப்பது, நாற்பது நோயாளிகள்; நாலு அல்லது ஆறு வாரம். பட்டம் கிடைத்ததும் நோயாளியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பெங்களூரில் 250 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான சோதனை ஒரு விதிவிலக்கு. சாதாரணப் பயிற்சியைவிட யோகா சேர்ந்த சிகிச்சை அதிகப் பலன் தந்தது என்றது அது. ஆனால் இரண்டு தரப்புக்குமே டென்ஸும் அல்ட்ராசவுண்டும் கொடுக்கப்பட்டன. கருவி தேவையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பணமும் ஒரு காரணம்தான். தொடையை இறுக்கித் தளர்த்துவதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. எந்தக் கம்பெனி செலவு செய்யும்? பிசியோதெரபிஸ்ட்டுகளையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டமே 2021-ல்தான் வந்தது.

மேலை நாட்டு முடிவுகளை அப்படியே இறக்குமதி செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். சித்தூர் மாவட்டத்தில் பால் கறப்பது பெரிய பிழைப்பு. காலையும் மாலையும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். நிலக்கடலை ஆய்வதும் அப்படித்தான். மாம்பழச் சீசனில் கூழ்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். பீஜிங்கின் வயதான பெண்களுக்கு, அமெரிக்க வெள்ளைக்காரப் பெண்களைவிட உடல் பருமன் குறைவாக இருந்தும், முழங்கால் ஆர்த்ரைட்டிஸ் அதிகமாக இருந்ததை 2001-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். இளவயதில் நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததற்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2004-ல் அதே குழு எழுதியது. 'குத்துக்காலிடாதே' என்று மருத்துவர் சொல்வது சுலபம். மாட்டுக்கு அதை யார் சொல்வது? உட்காரும் முறையை மாற்றிக்கொண்டே தொழிலைத் தொடர முடியுமா, முக்காலி போட்டால் போதுமா, வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வரும் கூலி நஷ்டத்துக்குப் பதில் ஊர் சுகாதார ஊழியரே பயிற்சி சொல்லிக்கொடுத்தால் அதே பலன் கிடைக்குமா? இவை ஓஹையோவில் கிடைக்காத விடைகள்.

இதற்கு வசதியான இடம் திருப்பதியைப் போல வேறில்லை. தேவஸ்தானம் நடத்தும் 'பிர்ட்' எலும்பு மருத்துவமனை அங்கே இருக்கிறது. தேவஸ்தானம் தோற்றுவித்த 'ஸ்விம்ஸ்' மருத்துவ நிறுவனமும், அதற்குள்ளேயே பிசியோதெரபி கல்லூரியும் இருக்கின்றன. நோயாளிகளோ தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் வலி சொல்லிக்கொண்டு தாமாகவே வந்து சேருகிறார்கள்.

வலியை அளக்கும் கேள்வித்தாளிலிருந்தே தொடங்கலாம். உலகம் முழுக்க உபயோகிக்கப்படும் 'வோமேக்' கனடாவில் பிறந்தது, 24 கேள்விகள். சாக்ஸ் போடும்போது சிரமம் உண்டா, குளியல் தொட்டியில் இறங்கும்போது சிரமம் உண்டா என்று கேட்கிறது. சாக்ஸே போடாத பாட்டி என்ன பதில் சொல்வார்? புனேயில் உள்ள வாதநோய் மையம் இதை இந்திய வாழ்க்கைக்கு ஏற்றபடி திருத்தி, குத்துக்காலிடுவதையும் சேர்த்திருக்கிறது. மூல வோமேக்கின் ஐந்து வலிக் கேள்விகளில் ஒன்று, படி ஏறி இறங்கும்போது எவ்வளவு வலி என்பது. எத்தனை படி என்று அது கேட்பதில்லை.