உஷார்! ஆலை மூடியாச்சு, கசடு மூடவில்லை

தூத்துக்குடி மக்களே, வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் இதைக் கவனியுங்கள். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூட 2018 மே 28-ல் அரசு ஆணையிட்டது. அதற்கு ஆறு நாள் முன்புதான் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைப் பறிகொடுத்திருந்தோம். 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அத்தோடு ஆபத்து தீர்ந்தது என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். தீரவில்லை. புகைபோக்கி நின்றதால் காற்று தப்பித்தது. மண்ணில் கொட்டிய கழிவுக்கு ஆலை ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான்.

கப்பலில் வந்த தாதுவை உருக்கி ஒரு டன் தாமிரம் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு டன் கசடு மிஞ்சும். கறுப்பாக, மணல் மாதிரி இருக்கும். பெரும்பகுதி இரும்பும் சிலிக்காவும்தான்; கூடவே கொஞ்சம் தாமிரம், துத்தநாகம், காரீயம், ஆர்செனிக். இதைப் பள்ளம் நிரப்பக் கொடுத்தார்கள். உப்பாற்று ஓடைக் கரையில், பட்டா நிலங்களில் குவித்தார்கள். கசட்டை அகற்றவுமில்லை, ஓடையில் சரியாமல் தடுப்பு கட்டவுமில்லை என்பது 2018-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஜிப்சம் கழிவுக் குட்டை விதிப்படி கட்டப்படவில்லை என்பதும், சுற்றுவட்டார நிலத்தடி நீரின் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை என்பதும் வேறு இரண்டு. தனியார் நிலம் உட்பட சுமார் 11 இடங்களில் கசடு கொட்டிய விவரம் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டது.

மூடியபின் கழிவு என்ன ஆகும் என்று கோலார் தங்கவயலில் உழைத்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். தங்கம் பிரித்தெடுத்து மிஞ்சிய சயனைடு கழிவு மேடுகள் ஊருக்கு நடுவே அப்படியே நின்றன; காற்றடித்தால் அந்தத் தூசுதான் வீட்டுக்குள் வரும். அதற்கு ஓராண்டு முன்பு, 2000 ஜனவரியில், ருமேனியாவின் பாயா மாரேயில் மழையும் உருகிய பனியும் சேர்ந்து தங்கக் கழிவுக் குட்டையின் கரையை உடைத்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் பாய்ந்தது. ஹங்கேரி வரை மீன்கள் செத்து மிதந்தன.

நம் ஊர் ஆலை சயனைடு ஆலை அல்ல. ஆனால் ஒரு வகையில் நம் பாடு இன்னும் மோசம். சயனைடு வெயிலிலும் காற்றிலும் ஓரளவு சிதையும், பெராக்சைடு சேர்த்து அழிக்கவும் முடியும். ஆர்செனிக்கையும் காரீயத்தையும் எதைக் கொண்டும் அழிக்க முடியாது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து அடியில் படிய வைக்கலாம், அவ்வளவுதான். பிறகு அந்தப் படிவில் அமில நீர் பட்டால் மறுபடி கரைந்து கிளம்பிவிடும். அதனால்தான் கழிவுக் குட்டைக்கு அடியில் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, கசியும் நீரைப் பிடிக்கக் குழாய், வெளி மழைநீர் உள்ளே வராமல் சுற்றுக் கால்வாய், கரை விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே போதிய காலி இடைவெளி, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் என்று இத்தனையும் கேட்கிறோம். ஒன்று குறைந்தாலும் மழை அந்த வழியாகத்தான் நுழையும்.

எந்த மழை என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அந்தக் குளத்தின் உபரி நீர் போகும் வழிதான் உப்பாற்று ஓடை. அது உப்பளங்களைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. எதிரே வான் தீவும் மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளும். இங்கே முத்துக்குளிப்பு 1961-லேயே ஓய்ந்துவிட்டது. அந்தப் பழி இந்த ஆலையைச் சேராது. ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் இதே கடலில்தான் இறங்குகிறார்கள். அங்கே வாழும் சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர். நீரில் வரும் உலோகத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே, ஓடை ஓரத்திலோ கசடு நிரப்பிய மனைக்கருகிலோ ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் உஷாராக இருங்கள். ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுக்கும்போது உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்துத் தந்தால் விடாதீர்கள். ஆர்செனிக், காரீயம், காட்மியம் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழை விட்டபின் ஒரு முறை, அதே கிணற்றில் நீர் மாதிரி எடுங்கள். மனை வாங்குகிறவர்கள் மேல்மண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கறுப்பு மணல் வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். கிராம சபையில் கசடு கிடக்கும் ஒவ்வொரு இடத்தின் சர்வே எண்ணையும் கேட்டுத் தீர்மானமாக எழுதி, கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லி ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஐப்பசிக்கு முன்பே அனுப்புங்கள்.